ஜாம்கேட்: மருத்துவமனையின் வாசலுக்கு வெளியே

அரபிக் கடலிலிருந்து புறப்படும் தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தில் பெரும்பகுதியைச் சகியாத்ரி மலைத்தொடரின் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடுவதால், புனே நகருக்குக் கிழக்கே விரியும் தக்காணப் பீடபூமிக்கு வந்து சேர்வது பெரும்பாலும் வெறுங்காற்றுதான். மலையின் மறுபுறத்தில் அமைந்துவிட்ட காரணத்தாலேயே மழை குன்றிய இத்தகைய நிலத்தைப் புவியியலார் மழைமறைவுப் பகுதி என்பர். ஆண்டுக்குச் சுமார் 500 முதல் 600 மில்லிமீட்டர் மழையை நம்பி, அதுவும் பொய்க்கும் ஆண்டுகளைப் பொறுத்துக்கொண்டு வாழும் வட்டங்கள் மகாராட்டிரத்தில் பல உண்டு. அவற்றுள் ஒன்றாகிய ஜாம்கேட், மருத்துவத்தையும் கிராம வாழ்வையும் ஒருசேரப் படிக்க விரும்புவோர் உலகின் பல நாடுகளிலிருந்தும் தேடி வரும் ஊராக அரை நூற்றாண்டாக இருந்து வருகிறது.

அங்குச் செல்லும் வழி எளியதன்று. புனேயிலிருந்து வடகிழக்கே சுமார் 120 கிலோமீட்டர் சென்றால், 2024-இல் அகில்யாநகர் எனப் பெயர் மாற்றப்பட்ட அகமத்நகர் வரும். நேருவும் அவருடைய தோழர்களும் 1942 முதல் 1945 வரை சிறைவைக்கப்பட்டிருந்த கோட்டை இந்நகரில்தான் உள்ளது. அங்கிருந்து தென்கிழக்காகச் செல்லும் சாலை, இடையில் அண்டை மாவட்டமான பீடின் ஆஷ்டி வட்டத்தைக் கடந்து, சுமார் 75 கிலோமீட்டரில் ஜாம்கேடை அடைகிறது. 2022-இல் ஆஷ்டி வரை புதிய இருப்புப்பாதை திறக்கப்பட்டதெனினும், ஜாம்கேடுக்கு இன்றும் பேருந்தே வழி. சாலையின் இருபுறமும் கரிசல் மண்ணில் சோளமும் துவரையும் வெங்காயமும் மாறிமாறித் தெரிகின்றன. கிணற்றில் நீர் உள்ள இடங்களில் மட்டும் திடீரெனக் கரும்பு உயர்ந்து நிற்கிறது. கரும்பு நிற்கும் நிலம் எவருடையது, நிற்காத நிலம் எவருடையது என்று கேட்டறிந்தாலே ஓர் ஊரின் சமூக அடுக்கு பெரும்பாலும் விளங்கிவிடும். வரலாற்றில் ஆர்வமுள்ளோர்க்கு இவ்வட்டத்தில் வேறிரண்டு இடங்களும் உண்டு: இந்தோரை ஆண்ட அகில்யாபாய் ஹோல்கர் 1725-இல் பிறந்த சோண்டி, மராட்டியர் 1795-இல் நிசாமின் படையை வென்ற கர்டா. மாவட்டத்தின் புதிய பெயர் அந்த அரசியின் நினைவாக வந்ததே.

ஜாம்கேடின் பெயரை மருத்துவ உலகில் நிலைநாட்டியவர்கள் ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே என்னும் மருத்துவத் தம்பதியர். 1970-இல் அவர்கள் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊரக நலத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டோடு நேரடியான தொடர்பு உண்டு. இருவரும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். அக்கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கட்டர், நோயாளிகள் வரும்வரை காத்திராமல், 1909 முதலே வேலூருக்கும் குடியாத்தத்துக்கும் இடையிலான சாலையோர மரத்தடிகளில் வாரந்தோறும் மருந்தகம் நடத்தியவர். மருத்துவமனை தன் வாசலைத் தாண்டிச் செல்ல வேண்டும் என்ற எண்ணம் வேலூரில் அன்றே வேரூன்றியிருந்தது. ஆயினும் மருத்துவரே மருந்துப் பெட்டியுடன் ஊருக்குப் போவதும், மருத்துவ அறிவு ஊரிலேயே தங்கும்படி செய்வதும் வெவ்வேறு செயல்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு நகர்ந்ததே அரோலே தம்பதியரின் தனிச்சிறப்பு.

அந்நகர்வுக்குக் காரணம் 1960-களில் அதே மாவட்டத்தின் வடாளா என்னும் ஊரில் இருந்த சபை மருத்துவமனையில் அவர்கள் பெற்ற பட்டறிவு. வயிற்றுப்போக்கால் வாடி வந்த குழந்தை குணமாகி வீடு திரும்பும். சில வாரங்களில் அதே குழந்தை அதே நோயோடு மீண்டும் வரும், அல்லது வராமலே இறந்துபோகும். மருத்துவமனைக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை வருமுன் தடுக்கக்கூடியவை என்பதையும், அவற்றின் ஊற்று குடிநீரிலும் உணவிலும் வறுமையிலும் பெண்களின் தாழ்நிலையிலும் இருப்பதையும் கண்ட அவர்கள், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுநலவியல் பயின்று திரும்பினர். அங்கு அவர்களுக்கு ஆசிரியராக வாய்த்த கார்ல் டெய்லர் இமயமலை அடிவாரத்து முசூரியில் பிறந்து இந்தியாவில் வளர்ந்தவர்.

திரும்பி வந்தவர்கள் வசதியான இடத்தைத் தேடவில்லை. வறுமை மிகுந்த பகுதியாகவும், அப்பகுதி மக்களே அழைக்கும் இடமாகவும் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. ஜாம்கேட் மக்கள் கொடுத்தது கைவிடப்பட்ட பழைய கால்நடை மருந்தகக் கட்டடம். அதில்தான் மருத்துவமனை தொடங்கியது. அந்நாளில் இப்பகுதியில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 குழந்தைகள் தம் முதல் பிறந்தநாளைக் காணாமலே இறந்தன. ஓராண்டில் உயிருடன் பிறக்கும் ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறையுமுன் இறப்பவை எத்தனை என்னும் இக்கணக்கைச் சிசு இறப்பு வீதம் என்பர். ஒரு சமூகத்தின் தண்ணீர், உணவு, தாயின் உடல்நிலை, சாலை, கல்வி ஆகிய அனைத்தும் இந்த ஓர் எண்ணில் வந்து படிவதால், பொதுநலவியலார் ஏனைய அளவுகளைக் காட்டிலும் இதற்கே பெருமதிப்புத் தருகின்றனர்.

திட்டம் தொடங்கிய கையோடு வந்தது 1970-களின் முற்பகுதியில் மகாராட்டிரத்தை வாட்டிய பெரும் பஞ்சம். மருத்துவர்கள் நோயைப் பற்றிப் பேச நினைத்தனர். மக்களோ தண்ணீரையும் சோற்றையும் பற்றிப் பேசினர். மக்கள் முதலில் கேட்பதை முதலில் செய்வதென்ற முடிவை அரோலே தம்பதியர் எடுத்தனர். ஊர்தோறும் சிறு விவசாயிகள் கூடிப் பேசும் உழவர் மன்றங்கள் உருவாயின. அவற்றின் பொறுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பொதுச் சமையல் நடந்தது. எல்லாச் சாதிக் குழந்தைகளும் ஒன்றாக அமர்ந்து உண்டன. அடுத்து ஆழ்துளைக் கிணறுகள். எங்கே துளையிடுவது என்ற கேள்வி வந்தபோது, பொதுக்கிணற்றில் நீரெடுக்க உரிமை மறுக்கப்பட்டிருந்த தலித் மக்களின் குடியிருப்புகளுக்குள்ளேயே இடங்கள் குறிக்கப்பட்டன. தூய நீர் வேண்டுமெனில் ஊர்ப்பெண்கள் குடத்தோடு சேரிக்கு வந்தாக வேண்டும் என்ற நிலை, எந்தப் பிரசங்கமும் இன்றியே ஏற்பட்டது. நீரால் பரவும் நோயைத் தடுக்க வந்த அடிபம்பு தீண்டாமையின் ஒரு முடிச்சையும் அவிழ்த்தது. நலக் கல்வி என்பது சுவரொட்டியும் சொற்பொழிவும் என்று எண்ணுவோர் இந்த அடிபம்பின் முன் சற்று நேரம் நிற்பது நல்லது.

ஊர்களில் தங்கி மருத்துவம் பார்க்க முதலில் பயிற்சி பெற்ற செவிலியர்களே அனுப்பப்பட்டனர். அம்முயற்சி வெற்றி பெறவில்லை. நகரத்தில் படித்த இளம்பெண் ஒருத்தி தனியே ஒரு கிராமத்தில் வாழ்வது அவளுக்கும் பாதுகாப்பாக இல்லை. ஊரார் பேச்சும் வழக்கமும் அவளுக்கு அயலாக இருந்தன. அவள் சொன்னதை ஊர்ப் பெண்கள் கேட்டுக்கொண்டார்களே தவிர, செய்யவில்லை. அப்போதுதான், ஊரிலேயே உள்ள பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தால் என்ன என்ற யோசனை கிராமத் தலைவர் ஒருவரிடமிருந்து எழுந்தது. இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே கிராம நலப் பணியாளர்கள். அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். பலர் தலித் பெண்கள். குழந்தைப் பருவத்திலேயே மணமுடித்து வைக்கப்பட்டு, கணவரால் கைவிடப்பட்டவர்களும் உண்டு. ஊர் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்ந்தெடுக்கப்படும் பெண்ணுக்குப் பிறர்பால் பரிவு இருக்க வேண்டும் என்பவை மட்டுமே விதிகளாக இருந்தன. படிப்புத் தகுதி எதுவும் கேட்கப்படவில்லை.

பயிற்சிக்கென வாரந்தோறும் இப்பெண்கள் ஜாம்கேடுக்கு வந்து இரவு தங்கினர். வீட்டில் ஒருவர் நிழல் மற்றவர்மேல் படக்கூடாது என்று பழகிய பெண்கள் ஒரே பந்தியில் உண்ண வேண்டியிருந்தது, ஒரே கூடத்தில் படுக்க வேண்டியிருந்தது. தக்காணத்தின் குளிர் இரவுகளில் தனித்தனிப் போர்வைகள் கொடுக்கப்படவில்லை. பலரையும் ஒன்றாக மூடும் அளவுக்குத் துணிகளைச் சேர்த்துத் தைத்த ஒரே பெரும்போர்வை கொடுக்கப்பட்டது. நோய்களைப் பற்றிய பாடங்களுக்கு எவ்வளவு நேரமோ அதற்கு நிகரான நேரம் தன்மதிப்பை வளர்க்கும் உரையாடலுக்கும் ஒதுக்கப்பட்டது. இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்றே அறியப்பட்டு வந்த பெண், தன் பெயரைச் சபையில் உரக்கச் சொல்லப் பழகுவதற்கே சில வாரங்கள் ஆகும் என்பதைப் பயிற்றுநர்கள் உணர்ந்திருந்தனர். இதனைப் பயிற்சிக்குப் புறம்பான செயலாகக் கருதுவது தவறு. மேல்சாதி வீட்டுத் திண்ணையில் நின்று, ‘கர்ப்பிணிக்கு இன்னும் ஒரு வேளை சோறு போடுங்கள்’ என்று மாமியாரிடம் சொல்ல வேண்டியவள் அவள்தான். சொல்லும் துணிவு இல்லாதவளிடம் உள்ள அறிவு எவர்க்கும் பயன்படாது.

இன்று ஜாம்கேடுக்கு வருபவர் காண்பது மரங்கள் அடர்ந்த ஒரு வளாகம். மருத்துவமனையும், 1992-இல் ஏற்பட்ட பயிற்சி நிறுவனமும், செயற்கைக் கால்கள் செய்யும் பட்டறையும் அதில் அடங்கும். 1968-இல் ராமச்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் பி.கே. சேத்தி என்னும் எலும்பியல் மருத்துவரும் உருவாக்கிய ஜெய்ப்பூர்க் காலே இப்பட்டறையில் செய்யப்படுகிறது. செருப்பின்றி நடக்கவும், வயலில் இறங்கவும், சம்மணமிட்டு அமரவும் இடந்தருவதால் உழவர்களுக்கு ஏற்ற கால் அது. மருத்துவமனை ஆடம்பரமற்றது. அறுவை மருத்துவமும் பேறுகாலச் சிக்கல்களும் பெரிய நோய்களும் இங்கே கவனிக்கப்படுகின்றன. கிராமப் பணியாளர் அனுப்பிவைக்கும் நோயாளியை இம்மருத்துவமனை ஏற்று நலமாக்கித் திருப்பி அனுப்பினால்தான் ஊரில் அவளுடைய சொல்லுக்கு மதிப்பிருக்கும் என்பதால், இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை.

வளாகத்தில் மிகவும் கவனித்துப் பார்க்க வேண்டியது பயிற்சிக் கூடமே. தரையில் வட்டமாக அமர்ந்திருக்கும் பெண்களுள் முதியவர்கள் ஒன்பது கஜப் புடவையைக் கச்சமிட்டுக் கட்டியிருப்பர். இளையவர்கள் சாதாரணப் புடவையில் இருப்பர். மேசையும் மேடையும் இல்லை. ஒவ்வொருத்தியும் தன் ஊரில் அவ்வாரம் யார் கருவுற்றாள், யார் பெற்றாள், எந்தக் குழந்தை எடை குறைந்தது, எந்த வீட்டில் இருமல் நிற்கவில்லை என்று நினைவிலிருந்தே சொல்கிறாள். பிறகே புதிய பாடம். அதனைச் செவிலியர் ஒருமுறை சொன்னபின், பெண்களே மாறிமாறி ஆசிரியராகி மற்றவர்களுக்குச் சொல்கின்றனர். படஅட்டைகளும் பாட்டும் எழுத்தின் இடத்தை நிரப்புகின்றன. கேட்டதைத் திருப்பிச் சொல்வதோடு நில்லாமல், திருப்பிக் கற்பிக்கவும் வைக்கும் இம்முறை, மாணவியின் மனத்தில் எது தெளியவில்லை என்பதை உடனே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பாடத்தின் பொருள்கள் சிறியவை, கையில் அடங்குபவை. பிள்ளைப்பேற்றுப் பொதி என்று சொல்லத்தக்க ஒரு சிறு பொட்டலத்தில் புதிய சவரத் தகடு, கொதிக்கவைத்துத் தூய்மையாக்கிய நூல், தூய துணித்துண்டு ஆகியவை இருக்கும். நூல் தொப்புள்கொடியைக் கட்டுவதற்கு; தகடு அறுப்பதற்கு. முன்பு கொடியை அரிவாளாலோ கைக்குக் கிடைத்த கூரிய பொருளாலோ அறுத்து, வெட்டுவாயில் சாணமோ சாம்பலோ வைக்கும் வழக்கம் இந்தியக் கிராமங்கள் பலவற்றிலும் இருந்தது. சாணத்திலும் மண்ணிலும் வாழும் டெட்டனஸ் கிருமி அவ்வழியே உட்புகுந்தால், பிறந்து சில நாள்களில் குழந்தை பால் குடிக்க வாய் திறக்க இயலாமல் தாடை இறுகி, உடல் விறைத்து இறந்துவிடும். பேய் பிடித்ததாகவோ கண்ணேறு பட்டதாகவோ எண்ணப்பட்ட இச்சாவுகளைத் தடுக்கத் தாய்க்குக் கர்ப்பகாலத்தில் போடும் தடுப்பூசியும் சில காசு விலையுள்ள தகடும் போதும் என்பதை நினைக்கும்போது, இத்தனை காலம் இறந்த குழந்தைகளுக்காக மனம் வருந்தாமல் இருக்க முடியாது.

இன்னொரு பாடம் உப்பு-சர்க்கரைக் கரைசல். வயிற்றுப்போக்கில் உயிரைப் பறிப்பது கிருமியைக் காட்டிலும் உடலிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான். சர்க்கரை உடனிருந்தால் குடல் உப்பையும் நீரையும் எளிதில் உறிஞ்சிக்கொள்ளும் என்பதே இம்மருத்துவத்தின் அடிப்படை. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் என்பது அளவு. தேக்கரண்டி இல்லாத வீட்டில் விரல்நுனியும் உள்ளங்கையுமே அளவுகோல். கலந்தபின் நாவில் வைத்துப் பார்த்து, கண்ணீரைவிடக் கரிப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மீண்டும் கலக்க வேண்டும் என்ற விதி எழுத்தறியாத தாய்க்கும் மறக்காது. உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்கு என்பதால் இச்சோதனை மிக இன்றியமையாதது. வயிற்றுப்போக்கின்போது தண்ணீரும் பாலும் கொடுக்கக் கூடாது என்று நம்பிவந்த பாட்டிகளின் கண்முன்னே, குழிந்த கண்ணோடு கிடந்த குழந்தை சில மணிநேரத்தில் தேறிச் சிணுங்கத் தொடங்குவதே இப்பாடத்தின் முழு வலிமை.

நம்பிக்கைகளைக் கையாண்ட விதம் ஜாம்கேடில் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. அம்மை நோயை மராட்டியிலும் தேவி என்றே வழங்குவர். அம்மனின் வருகை என்று கருதி மருந்தை விலக்கும் வழக்கத்தைத் தமிழர்க்கு விளக்கத் தேவையில்லை. கர்ப்பிணி நிறைய உண்டால் குழந்தை பெருத்துப் பேறு கடினமாகும் என்ற அச்சம், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு மூன்று நாள் கழித்தே தாய்ப்பால் தரும் பழக்கம், அடுத்த பிள்ளை பிறந்தபின் மூத்த குழந்தை சவலையாகித் தேய்வதைத் தெய்வக் குற்றமாகக் கருதுதல் ஆகிய எல்லாவற்றையும் வெளியிலிருந்து வரும் மருத்துவர் மூடநம்பிக்கை என ஒரு சொல்லால் தள்ளிவிடக்கூடும். ஊர்ப் பெண்ணால் அப்படித் தள்ள முடியாது. அவளும் அவற்றை நம்பி வளர்ந்தவளே. அதனால் அவள் கோயிலுக்குப் போக வேண்டாம் என்று சொல்வதில்லை. போய்விட்டு வந்து கரைசலையும் கொடு என்கிறாள். தன் மருமகளையோ மகளையோ நன்றாக உண்ணவைத்து, குழந்தை எளிதாகவும் நலமாகவும் பிறந்ததை ஊருக்குக் காட்டுகிறாள். வாதத்தால் மாறாத வழக்கம் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்து மாறுகிறது. இத்தகைய மாற்றத்துக்குப் பல ஆண்டுகள் வேண்டும். ஓராண்டுத் திட்டம், ஈராண்டு நிதி என்று கணக்கிடும் நலத்துறைகள் இதில் தோற்பதற்கு அதுவே காரணம்.

தொழுநோயிலும் காசநோயிலும் இதுவே நிகழ்ந்தது. தனி முகாம்களில் ஒதுக்கிவைக்கப்பட்ட தொழுநோயாளிகளைத் திட்டத்தினர் பொது நோயாளிகளோடு சேர்த்தே கவனித்தனர். தோலில் உணர்ச்சியற்ற வெளிர்திட்டைத் தொடக்கத்திலேயே கண்டறியக் கிராமப் பணியாளர் கற்றுக்கொண்டாள். தொட்டுப் பார்ப்பவள் ஊர்க்காரியாக இருந்தமையால், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சமும் மெல்லக் குறைந்தது.

பயன் எண்ணிலும் தெரிந்தது. தொடக்கத்தில் 176-ஆக இருந்த சிசு இறப்பு வீதம் ஆறு ஆண்டுகளுக்குள் 52-ஆகக் குறைந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 1975-இல் வெளியிட்ட, மக்களே முன்னின்று நடத்திய நலத்திட்டங்களைப் பற்றிய தொகுப்பில் ஜாம்கேடும் ஓர் இயலாக இடம்பெற்றது. 1978-இல் அல்மா-ஆட்டா மாநாடு அறிவித்த முதன்மை நலப் பராமரிப்பு என்னும் கொள்கைக்கு, அதாவது ஒவ்வொரு மனிதருக்கும் அவர் வாழும் இடத்திலேயே அடிப்படை மருத்துவமும் அதனோடு நீரும் உணவும் கல்வியும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற கொள்கைக்கு, இத்தகைய அனுபவங்களே சான்றாயின. 1979-இல் அரோலே தம்பதியர்க்கு மக்சேசே விருது கிடைத்தது. பின்னாளில், 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, திட்டம் நடந்த ஊர்களையும் நடவாத ஊர்களையும் ஒப்பிட்டு, பிறந்து ஒரு மாதத்தைக் கடந்த குழந்தைகளின் இறப்பு அபாயம் திட்ட ஊர்களில் சுமார் 30 விழுக்காடு குறைவு என்று கண்டது. பேறுகாலத்தையும் பிறந்த முதல் மாதத்தையும் கடப்பது மட்டும் இன்னும் கடினமாகவே இருந்தது. குறைமாதப் பிள்ளைக்கும் மூச்சுத்திணறும் பிள்ளைக்கும் அன்பும் அறிவும் மட்டும் போதா, கருவிகளும் விரைவான ஊர்தியும் வேண்டும்.

1988-இல் வாஷிங்டனில் நடந்த பன்னாட்டு நல மாநாடு ஒன்றில் பேசிய முக்தாபாய் போல் என்னும் ஜாம்கேட் பணியாளரின் உரையை இத்துறையினர் இன்றும் எடுத்துச் சொல்வர். அரங்கில் ஒளிர்ந்த அழகிய, விலையுயர்ந்த விளக்குகள் மருத்துவர்களைப் போன்றவை; தாம் ஓர் எளிய சிறு விளக்கு, ஆனால் அரங்கத்து விளக்குகளால் செய்ய இயலாத ஒன்றைத் தம்மால் செய்ய முடியும், இன்னொரு விளக்கை ஏற்ற முடியும் என்பது அவ்வுரையின் கருத்து. ஒரு கிராமத்துப் பெண் மருத்துவ அறிஞர் நிறைந்த அவையில் இதைச் சொல்ல முடிந்ததுதான், கல்வி என்று ஜாம்கேட் எதைக் கருதியது என்பதற்கு மிகத் தெளிவான விளக்கம்.

இந்திய அரசு 2005-இல் தேசிய ஊரக நல இயக்கத்தின்கீழ் ஆஷா பணியாளர்களை நியமித்தபோது, ஆயிரம் மக்களுக்கு ஒரு பெண், அவள் அதே ஊரைச் சேர்ந்தவள், கையில் மருந்துப் பெட்டி என்ற வடிவம் ஜாம்கேட் போன்ற முன்னோடி முயற்சிகளை ஒத்திருந்தது. இன்று நாடெங்கும் பத்து லட்சத்தை நெருங்கும் இப்பெண்களுக்கு 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் விருதளித்துப் பாராட்டியதில் நியாயம் உண்டு. ஆனால் வடிவத்தோடு உயிரும் வந்ததா என்பது வேறு கேள்வி. எண்ணிக்கை இலக்குகளும், செய்த பணிக்கு இவ்வளவு என்ற ஊக்கத்தொகையும், மேலே அனுப்ப வேண்டிய பதிவேடுகளும் ஆஷா பணியாளரை அரசின் கடைசிப் படிநிலை ஊழியராக ஆக்கிவிட்டன. ஊழியருக்குரிய ஊதியமும் உரிமையும் மட்டும் வரவில்லை. ஜாம்கேடின் பெண்களும் சம்பளம் பெற்றவர்கள் அல்லர். சம்பளம் தருபவர்க்கே பணியாளர் கட்டுப்படுவார், ஊருக்குக் கட்டுப்பட மாட்டார் என்று கருதிய அரோலே தம்பதியர், ஆடு, கோழி வளர்ப்புக்கும் சிறு வணிகத்துக்கும் கடனுதவி செய்து, வருவாய்க்கு வேறு வழி காட்டினர். ஒரு தொண்டு நிறுவனம், தான் நேரில் அறிந்த சில நூறு பெண்களோடு உடனிருந்து செய்த ஏற்பாடாக அது பொருந்தியிருக்கலாம். அதையே சான்றாகக் காட்டி, நாள் முழுதும் உழைக்கும் லட்சக்கணக்கான ஏழைப் பெண்களுக்கு உரிய ஊதியத்தை ஓர் அரசு மறுக்குமாயின், அது நேர்மையாகாது.

மேபல் அரோலே 1999-இலும் ரஜனிகாந்த் அரோலே 2011-இலும் மறைந்தனர்; அடுத்த தலைமுறையினர் பணியைத் தொடர்கின்றனர். பாடங்களும் மாறிவருகின்றன. வயிற்றுப்போக்கும் சவலையும் குறைந்த ஊர்களில் இரத்த அழுத்தமும் நீரிழிவும் மனச்சோர்வும் பேசப்படுகின்றன. இளம்பெண்களுக்கென மாதவிடாய், இளவயதுத் திருமணம், இரத்தசோகை ஆகியவற்றைப் பற்றிய தனி வகுப்புகள் நடக்கின்றன.

ஜாம்கேடிலிருந்து வடகிழக்கே பாட்டோதா வழியாகப் பீட் நகருக்குச் செல்லும் சாலை, இந்நிலத்தின் இன்னொரு மெய்ம்மையைக் காட்டுகிறது. பாலாகாட் குன்றுகளின் இவ்வூர்களில் பருவமழை முடிந்து அறுவடை ஓய்ந்ததும், பல்லாயிரம் குடும்பங்கள் மேற்கு மகாராட்டிரத்துக்கும் கருநாடகத்துக்கும் கரும்பு வெட்டப் புறப்படுகின்றன. கணவனும் மனைவியும் சேர்ந்தே ஓர் அரிவாளாகக் கணக்கிடப்பட்டு, ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் பெற்றுச் செல்கின்றனர். ஒருநாள் வேலைக்கு வராவிட்டாலும் அந்தக் கூலி கடனில் ஏறும். வயல்வெளிக் கூடாரங்களில் கழிப்பறை கிடையாது, குளிக்க மறைவிடம் கிடையாது. மாதவிடாய் நாள்களும் வெள்ளைப்படுதலும் அடிவயிற்று வலியும் அங்கே நோயாக மட்டுமின்றிக் கூலியிழப்பாகவும் ஆகின்றன.

2019-இல் மாநில அரசு அமைத்த குழு, பீட் மாவட்டத்தின் 82,309 கரும்பு வெட்டும் பெண்களை ஆராய்ந்து, அவர்களுள் 13,861 பேருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருப்பதாகக் கண்டது. பலர் நாற்பது வயதுக்கு முன்பே, சிலர் முப்பதுக்கு முன்பே, அறுவைக்கு உட்பட்டிருந்தனர். புற்றுநோய் வந்துவிடும் என்ற அச்சமே பலரைச் சம்மதிக்க வைத்தது. அறுவைச் செலவுக்கு வாங்கிய கடனை அடைக்க அவர்கள் மீண்டும் கரும்புக்கே சென்றனர். சினைப்பைகளும் சேர்த்து அகற்றப்பட்ட இளம்பெண்ணுக்கு மாதவிலக்கு நிற்கும் காலம் முன்கூட்டியே வந்து, எலும்பு நலிவும் இதயநோயும் விரைவில் வரக்கூடும் என்பது மருத்துவம் நன்கறிந்த செய்தி. அறுவைமேசைக்குச் செல்லுமுன் இதனை அறிந்திருந்த பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டால், விடை மிகவும் வேதனை தருவதாகவே இருக்கும்.

இங்கே மருத்துவமனை இல்லாமல் இல்லை. மருத்துவர் இல்லாமல் இல்லை. கத்தியும் மயக்கமருந்தும் எளிதில் கிடைத்தன. அவற்றுக்கு முன்னால் நின்று கேட்க வேண்டிய கேள்விகள் மட்டுமே அப்பெண்களிடம் இல்லை. வெள்ளைப்படுதலுக்கு முதலில் மாத்திரை போதாதா. புற்றுநோய் என்று எந்தச் சோதனையில் தெரிந்தது, அதன் முடிவு தாளில் எங்கே உள்ளது. கருப்பையை மட்டும் எடுப்பீர்களா, சினைப்பைகளையும் எடுப்பீர்களா. எடுத்தபின் எத்தனை மாதம் பாரம் தூக்கக் கூடாது. அம்மாதங்களின் கூலியை யார் தருவார். இக்கேள்விகளைக் கூடாரத்தில் உடன் தங்கி, உடன் கரும்பு வெட்டும் ஒரு பெண் முன்னரே கற்றிருந்து, பக்கத்துக் கூடாரத்துப் பெண்ணுக்கும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஆறு மாதம் ஊரிலும் ஆறு மாதம் கரும்புக் காட்டிலுமாக வாழும் மக்களுக்கு, ஊரிலேயே தங்கியிருக்கும் பணியாளர் ஒருத்தி போதாது. புறப்படும் ஒவ்வொரு கூட்டத்தோடும் செல்லும் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, மழைமாதங்களில் பயிற்றி, மருந்துப் பெட்டியோடும் அவளுக்குரிய கூலியோடும் அனுப்புவதே பீட் மாவட்டத்தில் உடனே தொடங்க வேண்டிய பணி.